மெக்சிகோ ரொட்டியும் அம்மாவின் ரொட்டியும்

சென்ற ஆண்டு ஓர் அலுவலின் பொருட்டுக் கோலாலம்பூருக்குச் சென்றிருந்த நான், நண்பர் ஒருவரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மெக்சிகோ நாட்டுச் சாப்பாட்டுக்கடை ஒன்றினுள் நுழைந்தேன். உணவுப் பட்டியலில் கண்ட பெயரை, ஆங்கிலம் படித்த மிடுக்கோடு, 'டார்டில்லா' என்று உரக்க வாசித்தேன். பரிமாற வந்த இளைஞர் முறுவலித்து, 'தோர்த்தீயா' என்று திருத்தினார். கிராணி உத்தியோகத்தில் பிறர் கணக்கைத் திருத்தியே பழகிய எனக்கு அது சற்றுக் கசப்பாகத்தான் இருந்தது. வந்த பண்டமோ நம் சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட சகோதரன்! கோழிக்கறியை உள்ளே வைத்துச் சுருட்டிய அந்த ரொட்டிக்கு 24 வெள்ளி கொடுத்துவிட்டு வெளியே வந்தபொழுது, 'இதனை வீட்டிலேயே செய்தால் என்ன?' என்னும் எண்ணம் என்னைப் பற்றிக்கொண்டது. சிக்கனமே அதற்குக் காரணம் என்பதை நேயர்களிடம் மறைப்பானேன்?

மெக்சிகோ மக்களின் பழைய தோர்த்தீயா சோள ரொட்டியே ஆகும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டுக் கழுவி, 'மெத்தாத்தே' எனும் கல்லில் அரைத்து, தட்டிச் சுடுவர். மூன்று கால் முளைத்த அம்மி என்று எண்ணிக்கொண்டால் மெத்தாத்தேயை நேரிற் கண்டது போலாகும். அதற்குக் குழவியும் உண்டு. கோதுமையோ ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த தானியம். அது நாட்டின் வடபுலத்தில், சிறப்பாகச் சொனோரா மாநிலத்தில், நன்கு வேரூன்றியமையால், கோதுமைத் தோர்த்தீயா வடக்கத்தியாரின் உணவாயிற்று. மெல்லிய துணிபோல் முழங்கை நீளத்துக்கு விரித்துச் சுடுவாரும் அங்கே உளர். பெயரின் பொருள் என்னவோ 'சிற்றடை' என்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். 'என்னங்க, அடுப்பங்கரையில் உங்களுக்கு என்ன வேலை?' என்று என் மனைவி வினவியதற்குப் பதில் கூறாமல், 300 கிராம் வெள்ளைக் கோதுமை மாவையும் ஒரு சிறு கரண்டி உப்பையும் கலந்தேன். அதில் 60 கிராம் கொழுப்பைப் பிசிற வேண்டும். மெக்சிகோவில் பன்றிக்கொழுப்பைச் சேர்ப்பார்கள். அதனை என் தாயார் வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். ஆகையால் செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் வெண்ணிறக் கொழுப்பை வாங்கி வந்தேன். நாள்தோறும் செம்பனைக் குலைகளின் கணக்கை எழுதும் கை, அன்றுதான் முதன்முதலாக அதன் கொழுப்பில் அளைந்தது. மாவு மணல்மணலாக உதிரும் பதம் வந்ததும், வெந்நீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்தேன். இனி அரைமணி நேரம் ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும் என்பது விதி. அதனை வீண் சடங்கென்று கருதி, உடனே உருட்டித் தேய்க்கலானேன்.

அதன் பலனை அனுபவித்தேன். தேய்த்தால் நீண்டு, உருளையை எடுத்தால் சுருங்கி, மாவு என்னோடு பிடிவாதம் பிடித்தது. கோதுமையிலுள்ள புரதம் நீரோடு கூடி மீள்தன்மையுள்ள வலையாகிறது. பிசையப் பிசைய வலை இறுகுகிறது. சற்று நேரம் விட்டுவைத்தால்தான் அது தளரும். தளராத மாவை மெல்லியதாக்க இயலாது. தடித்த ரொட்டி வேக நெடுநேரம் ஆகும், அதற்குள் ஈரமெல்லாம் வற்றிப்போகும். நண்பகலில் என் மகன் அவற்றில் ஒன்றைக் கரண்டியால் தட்டித் தாளம் போட்டான்.

அடுத்த ஞாயிறு விதிப்படியே செய்தேன். முக்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை.

'ஏன் தம்பி, பிசைந்ததை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாய்?'

'மாவு அரைமணி நேரம் உறங்க வேண்டும், அம்மா.'

'மாவுக்கா உறக்கம்? கொடுத்துவைத்த மாவுதான்!'

அவர்கள் வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். எனக்கோ நெஞ்சில் ஏதோ தைத்தது. அம்மா ரப்பர் மரம் சீவியவர்கள். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். ஆதலால் பெரட்டுக்கு விடியுமுன்னே போய் நிற்க வேண்டும். நான்கு மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, மாவும் உப்பும் நீருமாகப் பிசைந்த கையோடு தட்டிச் சுட்டு, என் டப்பாவில் இரண்டு ரொட்டியை வைத்துவிட்டு ஓடுவார்கள். பத்து மணிக்கு நான் திறக்கும்போது அவை விறைத்துக் கிடக்கும். 'கல்ரொட்டி' என்று நான் அவற்றுக்குப் பெயரிட்டிருந்தேன். வெண்ணெய் தடவிய ரொட்டித்துண்டு கொண்டுவரும் பட்டணத்துப் பிள்ளைகளின் நடுவே அதை எடுக்க வெட்கப்பட்டு, பள்ளிக்குப் பின்னால் ஓடிய சாக்கடையில் எறிந்துவிடுவேன். அம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது என்றே பல்லாண்டுகள் நம்பியிருந்தேன். அந்த அரைமணி நேரம் அவர்களிடம் இருந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆஸ்கார் லூயிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், தெபோஸ்த்லான் என்ற மெக்சிகோ கிராமத்தைப்பற்றி 1951இல் வெளியிட்ட நூலொன்றை நான் படித்திருக்கிறேன். அக்கிராமத்துக்கு 1920களில் மாவரைக்கும் இயந்திரம் வந்தது. நாள்தோறும் பல மணி நேரம் மெத்தாத்தேயின்முன் மண்டியிட்டு அரைத்துவந்த மாதர்க்கு அது விடுதலை. ஆடவரில் பலரோ அதனை எதிர்த்தனர். இயந்திரத்தில் அரைத்த மாவுக்குச் சுவை இல்லையாம். கையிலே ஓய்வு வந்துவிட்டால் பெண்கள் கெட்டுவிடுவார்களாம்! பெண்கள் அதற்கெல்லாம் செவிசாய்க்காமல் இயந்திரத்தையே நாடினர். படித்த அன்று அந்த ஆடவரை எண்ணி நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பத்து வயதிலேயே நானும் அவர்கள் கட்சியில் சேர்ந்திருந்தவன் என்பது அப்பொழுது நினைவுக்கு வரவில்லை.

அரைமணி கழிந்தபின் மாவு சொன்னபடி கேட்டது. எண்ணெய் தடவாத தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்துப் போட்டேன். அரை நிமிடத்தில் கொப்புளம் எழும்பிப் பழுப்புப் புள்ளிகள் விழும்; உடனே திருப்பிப் போட்டு, மறுபக்கமும் வெந்ததும் எடுத்துத் துணியில் சுற்றிவிட வேண்டும். அதன் ஆவியே அதனை மெத்தென்று வைத்திருக்கும்.

முதல் ரொட்டியை அம்மாவிடம் கொடுத்தேன். நெத்திலிச் சம்பலைத் தொட்டுத் தின்றுவிட்டு, 'உப்புப் போதாது' என்றார்கள்.

'அம்மா, பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய ரொட்டியை நான்...'

'சாக்கடையில் போட்டாய். தெரியும்.'

'எப்படித் தெரியும்?'

'தின்றவன் டப்பாவில் துணுக்காவது ஒட்டியிருக்கும். உன் டப்பா கழுவி வைத்ததுபோல் அல்லவா வரும்!'

என்ன சொல்வதென்று அறியாமல் நின்றேன். அம்மா அடுப்பை எட்டிப் பார்த்தார்கள்.

'கல்லில் கிடப்பது கருகுகிறது, தம்பி. முதலில் அதைத் திருப்பு' என்றார்கள்.