குண்டில் மிதக்கிற பிளேன்

பிளாஸ்டிக் கிட் ஒட்டுகிற ஆட்களிடம் கட்டாயம் ஒரு பெட்டி இருக்கும். ஒவ்வொரு கிட்டிலும் மிச்சப்படுகிற சாமான்களைப் போட்டு வைக்க. என்னுடையது ஒரு பழைய பிஸ்கட் ரின். பாதிக்கு மேல் குண்டுகளும் ரொக்கெட்டுகளும்தான். போர் விமானக் கிட் எதை வாங்கினாலும் அவையும் சேர்ந்தே வரும். நான் ஒட்டுவதில்லை.

ஏன் என்று எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளில் இத்தாலிச் சியாமாசெட்டி, பிறகு பீப்பாய்க் குண்டு தள்ளிய சீனச் சகடை, 1993இல் ஆர்ஜென்டினாப் புக்காரா, 1996இல் இஸ்ரேல் கிபிர். சத்தத்தை வைத்தே எது என்று சொல்லிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவோம். கிபிரின் சத்தம் கேட்கும்போது அது தலைக்கு மேல் வந்திருக்கும்.

"அந்தச் சனியனைக் காசு குடுத்து வாங்கி ஒட்டுறியே, உனக்கென்ன விசரோ?" என்று ஒரு சிநேகிதன் கேட்டான். நியாயமான கேள்வி. என்னுடைய பதில் இதுதான்: கையளவு பிளேன் என்றால் நடுவால் அறுக்கலாம்.

போன மாதம் அப்படித்தான் அறுத்தேன். மியாசாகியின் 'போர்க்கோ ரொஸ்ஸோ' (1992) பார்த்ததிலிருந்து மகளுக்கு அந்தப் பன்றிமுக விமானியின் சிவப்புக் கடல் விமானம் வேணுமாம். கார்ட்டூன் பிளேனின் சூட்சுமம் லேசு: மூக்குப் பெரிசு, உடம்பு கட்டை. 72இல் ஒன்று அளவு ஸ்பிட்பயர் ஒன்றின் நடுத்துண்டை வெட்டி எறிந்துவிட்டு மூக்கையும் வாலையும் பொருத்தினேன். இந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும். ஆறவிட்டால் ஒரே துண்டு. இடைவெளிக்குப் புட்டி வைத்து, ஒரு இரவு காயவிட்டு, அரத்தாளால் தேய்த்தேன். செட்டையின் நுனிகளைக் கத்தரித்தேன். காற்றாடி 48இல் ஒன்று அளவுக் கிட்டில் மிஞ்சியது. பிளேனுக்கு மீசை வைத்த மாதிரி நின்றது.

கடல் விமானத்துக்கு மிதவை வேண்டுமே? ரின்னைக் கிளறினேன். இரண்டு பெரிய குண்டுகள். இரண்டிரண்டு பாதியாக ஒட்டுவது, உள்ளே கோறை. வால் இறக்கைகளைச் சீவிவிட்டு வயிற்றுக்குக் கீழே ஒட்டினேன். நல்ல சிவப்புப் பெயின்ற்.

எயார்பிக்ஸ் கொம்பனியை லண்டனில் 1939இல் தொடங்கிய நிக்கலஸ் கோவ், ஹங்கேரியிலிருந்து வந்த யூத அகதி. ரப்பர் விளையாட்டுச் சாமானும் சீப்பும் செய்தவர். 1952இல் வுல்வேர்த் கடைகளில் 'கோல்டன் ஹைண்ட்' கப்பல் கிட் இரண்டு சிலிங்குக்கு விற்கத் தொடங்கிய பிறகுதான் கிட் வியாபாரம் சூடுபிடித்தது. ஓடிவந்த மனிசன் ஊரெல்லாம் பிள்ளைகளுக்குத் துண்டுதுண்டாகக் குடுத்து, பொருத்திப் பாருங்கோ என்றிருக்கிறார்.

"அப்பா, இதுக்குக் குண்டு இல்லையா?" என்றாள் மகள்.

"இருக்கு. அதிலதான் மிதக்குது."

பாத்ரூம் தொட்டியில் விட்டுப் பார்த்தோம். மிதக்கிறது. மூக்குத்தான் கொஞ்சம் பாரம். இந்தச் சனிக்கிழமை வாலுக்குள் துளி ஈயம் வைக்கவேணும்.