காலுக்குக் கால் சுற்று

பத்தாம் வகுப்பு மாணவி

தமிழில் 'கால்' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. நடக்கின்ற காலும் கால். நான்கில் ஒரு பங்கும் கால். பந்தலுக்கு நடுவதும் கால். தமிழம்மா கேட்கும்போதெல்லாம் நாங்கள் கிளிப்பிள்ளைகளைப் போல ஒப்பித்திருக்கிறோம். ஆனால் நடக்கின்ற காலுக்கு நான்கில் ஒரு பங்கான கால் என்ன உதவி செய்யும் என்பதை இவ்வாண்டுதான் கண்ணாரக் கண்டோம். அதைப் பற்றியே எழுதப் புகுந்தோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், ஆகவே தோழி என்றே குறிப்பிடுகிறோம். அவளுடைய அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், காலை ஷிப்டுக்கு நடந்து போனவரை ஒரு டெம்போ இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. வலது கணைக்கால் இரண்டாக முறிந்தது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் வீட்டுப் பெரியவர்கள், நாட்டுக் கட்டுப் போடும் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். மூங்கில் பத்தையும் துணியும் வைத்துக் கட்டினார். தை மாதம் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாகக் கூடியிருந்தது! கால் உள்பக்கம் வில்லாக வளைந்து, மற்றக் காலைவிடக் குட்டையாகவும் ஆகிவிட்டது.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை நம் மாநில அரசு 2021 டிசம்பர் 18-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அன்று அங்கே கூடி நின்ற ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. இன்னொன்று: வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்தை, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்று 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் ஒரு விதி சேர்த்தார்கள். தோழியின் அம்மாவுக்கு அதனாலும் பயன் இல்லை. ஏழு ஆண்டுகள் அதே கம்பெனியில் தைத்தும் அவர் பெயர் இ.எஸ்.ஐ. பதிவேட்டில் ஏறவே இல்லை. இதைப் படிக்கும் பெற்றோர் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

கால் கோணினால் என்ன, கம்பு ஊன்றி நடக்கலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். திருப்பூரில் அப்படி நினைக்க முடியாது. ஓவர்லாக் மெஷினின் கீழே இரண்டு பெடல்கள் இருக்கும். ஒன்று மெஷினை ஓட்டுவதற்கு, மற்றொன்று துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்குவதற்கு. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குக் கை எவ்வளவு விரைகிறதோ அவ்வளவு காலும் விரைய வேண்டும். கால் மணி நேரம் உட்கார்ந்தாலே அவருக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. சனிக்கிழமைச் சம்பளம் நின்றது. கோடை விடுமுறை முழுவதும் தோழி செக்கிங் வேலைக்குப் போனாள். "பள்ளிக்கூடம் திறந்தாலும் நான் வருவேனோ மாட்டேனோ" என்று எங்களிடம் சொன்னாள். அதைக் கேட்டபின் எங்களுக்கு விடுமுறை இனிக்கவில்லை.

ஜூன் மாதம் ஓர் அரசு மருத்துவமனையின் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலை நிமிர்த்தலாம், நீட்டவும் நீட்டலாம். ஆனால் வேலையில் பாதியை நீங்கள்தான் செய்ய வேண்டும்" என்றாராம். அவர் சொன்ன கருவிக்கு இலிசரோவ் வளையம் என்று பெயர்.

இக்கருவியைக் கண்டவர் காவ்ரீல் இலிசரோவ் என்னும் சோவியத் மருத்துவர். 1921-இல் பிறந்தவர். 1944-இல் மருத்துவப் படிப்பை முடித்ததும் சைபீரியாவில் குர்கான் வட்டாரத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். போரில் கால் முறிந்து, ஆறாத புண்ணோடும் சேராத எலும்போடும் திரும்பியவர்கள் எங்கும் நிறைந்திருந்த காலம் அது. 1951-இல் அவர் தம் கருவியை உருவாக்கினார். காலைச் சுற்றி வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் எலும்பின் ஊடே செல்லும் மெல்லிய கம்பிகள், 1.5 அல்லது 1.8 மில்லிமீட்டர் கனம். கம்பியை வீணை நரம்பைப் போல விறைக்க இழுத்து முடுக்குகிறார்கள். மெல்லிய கம்பியானாலும் அந்த விறைப்பினால் ஓர் ஆளின் எடையைத் தாங்கிவிடும். சைக்கிள் சக்கரத்தின் போக்குக் கம்பிகள் நம்மைத் தாங்குகின்றனவே, அதுபோல. வளையங்களை மறையுள்ள தண்டுகள் ஒன்றோடொன்று இணைக்கின்றன. தண்டில் நட்டு இருக்கிறது. நட்டைத் திருகினால் வளையங்கள் நெருங்கும் அல்லது விலகும். அவற்றோடு எலும்பின் துண்டுகளும் நகரும்.

முதலில் அவர் இதை எலும்புத் துண்டுகளை நெருக்கிச் சேர்க்கவே பயன்படுத்தினார். ஒரு நோயாளி நட்டைத் தவறான பக்கம் திருகி, இடைவெளியை நெருக்குவதற்குப் பதிலாக விரித்துவிட்டார் என்றும், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அந்த இடைவெளியில் புதிய எலும்பு முளைத்திருந்தது என்றும் மருத்துவ வரலாற்றில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியானாலும் அதன்பின் அவர் கண்ட உண்மை பெரிது. எலும்பைப் பக்குவமாக வெட்டி, ஒரு வாரம் போல் சும்மா விட்டு, பிறகு நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல விலக்கினால், உடல் அந்த இடைவெளியைப் புது எலும்பால் நிரப்பிக்கொண்டே வரும். நரம்பும் இரத்தக் குழாயும் தோலும் கூடவே நீளும். அவசரப்பட்டு விலக்கினால் எலும்பு முளைக்காது. மிகவும் தாமதித்தாலோ நீளுமுன்பே கூடிவிடும். அந்த 1 மில்லிமீட்டரையும் ஒரே தடவையில் கொடுப்பதில்லை, நான்காகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். தண்டின் மறை ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் ஏறும். ஆகவே ஆறு மணிக்கு ஒரு முறை கால் சுற்று!

சோவியத் நாட்டின் உயரத் தாண்டல் வீரர் வலேரி புருமெல் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிப் பல அறுவை சிகிச்சைகள் செய்தும் குணமாகாமல், குர்கானுக்கு வந்து இலிசரோவிடம் நடை பெற்றார். பின்னர் 2 மீட்டருக்கு மேல் தாண்டவும் செய்தார். இருந்தும் மேற்கு நாடுகள் நெடுநாள் இதை அறியவில்லை. 1980-இல் கார்லோ மௌரி என்ற இத்தாலிய மலையேற்ற வீரர், பல ஆண்டு ஆறாத காலோடு குர்கான் சென்று குணமாகித் திரும்பினார். அவருடைய மருத்துவர்கள் வியந்து, 1981-இல் இலிசரோவை இத்தாலிக்கு அழைத்து உரையாற்றச் செய்தனர். அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. முப்பது ஆண்டுகள் ஒரு நல்ல மருத்துவம் ஒரு மூலையிலேயே கிடந்ததே என்று எங்களுக்குச் சற்றுக் கோபம் வந்தது உண்மை.

தோழியின் அம்மாவுக்கு ஜூலை மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. ஜூலை 31 புனித இஞ்ஞாசியார் திருநாள். நன்னெறி வகுப்பில் அருட்சகோதரி அவருடைய வரலாற்றைச் சொன்னபோது வகுப்பே தோழியின் பக்கம் திரும்பியது. 1521 மே மாதம் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை நொறுக்கியது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது, உலகப் புகழில் மயங்கிய வீரர். எலும்பைச் சேர்த்தது சரியில்லை என்று லொயோலாவில் மீண்டும் முறித்துச் சேர்த்தார்கள். சாகும் நிலைக்குப் போய் மீண்டார். அப்படியும் முழங்காலின் கீழே எலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் துருத்தி நின்றது, காலும் குட்டையாயிற்று. அழகிய பூட்சு அணிய முடியாதே என்பதற்காக, மயக்க மருந்து இல்லாத அந்நாளில், துருத்திய எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார்! பின்பு கருவிகளை மாட்டிப் பல நாள் காலை இழுத்தார்கள். படுக்கையில் பொழுது போக வீரக் கதைகள் கேட்டார். அவ்வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும்தாம். மீதியை நம் பள்ளியில் எல்லாரும் அறிவோம்.

அப்போது எங்களில் ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், அவர்கள் அத்தனை நாள் இழுத்தும் கால் ஏன் நீளவில்லை?" என்று கேட்டாள். தோழிதான் விடை சொன்னாள். கூடிப்போன எலும்பை எவ்வளவு இழுத்தாலும் அது நீளாது. வெட்டி இடைவெளி உண்டாக்க வேண்டும், அதையும் மெல்ல மெல்ல விரிக்க வேண்டும். புனிதர் வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார்.

மறுநாளே திருகத் தொடங்க வேண்டும். மருத்துவமனையில் ஒரு தாளும் சிறிய ஸ்பானரும் கொடுத்திருந்தார்கள். கோணல் நிமிரும் வரை உள்பக்கத்துத் தண்டுகளை மட்டும் நீட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் கீல் போல நிற்கும். கதவு திறப்பதைப் போல உள்பக்கம் விரிய, எலும்பு நேராகும். அதன்பின் நான்கு தண்டுகளையும் ஒரே அளவில் நீட்ட வேண்டும். மிச்சமிருந்த குறை 2 சென்டிமீட்டர். கணக்குப் போட்டோம்: 20 நாள், தண்டொன்றுக்கு 80 கால் சுற்று.

காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நள்ளிரவு பன்னிரண்டு. நள்ளிரவுக்குத் தோழி அலாரம் வைத்து எழுந்தாள். பகல் பன்னிரண்டுக்கு என்ன செய்வது? தலைமையாசிரியை அம்மா, உணவு இடைவேளைக்குச் சற்று முன்பே அவளை அனுப்ப இசைந்தார்கள். தனியே போக வேண்டாம் என்று முறைவைத்து இருவர் உடன் போனோம். பள்ளிக்குப் பின்னால் பத்து நிமிட நடையில் அவர்கள் வளவு. "வாங்க கண்ணுகளா, சாப்பிட்டீங்களா?" என்றுதான் அம்மா ஒவ்வொரு நாளும் கேட்பார். நாங்கள் நட்டைத் தொட்டதில்லை, அது தோழியின் வேலை. திருகியதும் நோட்டில் நேரத்தை எழுதுவது எங்கள் வேலை. முதல் நாள் எங்களில் ஒருத்தி கம்பி தோலுக்குள் நுழையும் இடத்தைப் பார்த்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிறகு பழகிவிட்டது. அந்த இடங்களில் சீழ் பிடிப்பதுதான் இச்சிகிச்சையின் பெருந்தொல்லை. கொதித்து ஆறிய உப்பு நீரால் தினமும் துடைத்துச் சுத்தத் துணி வைக்க வேண்டும். ஒரு முறை காய்ச்சல் வந்து, மாத்திரை கொடுத்து அடங்கியது.

வளையங்கள் புடவையில் மாட்டிக்கொண்டே இருந்தன. தெருவில் பிள்ளைகள் முறைத்துப் பார்த்தார்கள். தையல் டீச்சரிடம் சொன்னோம். கட்டிங் வேஸ்டில் கிடைத்த ரிப் துணியை ஒட்டுப் போட்டு, மேலும் கீழும் நாடா கோத்து, ஓர் உறை தைத்தோம். ரிப் துணி எவ்வளவு வேண்டுமானாலும் விரிந்து கொடுக்கும் அல்லவா? வளையத்தின் மேல் அழகாக உட்கார்ந்தது. அம்மா அதைத் திருப்பிப் பார்த்து, "மூலை முடிக்கிறப்ப நூலை விட்டுட்டீங்களே" என்று எங்கள் ஓவர்லாக்கைத் திருத்தினார். அன்றுதான் அவர் சிரித்ததைக் கண்டோம்.

எலும்பை நிமிர்த்த இது ஒன்றே வழியன்று. எலும்பின் நடுக் குழலுக்குள் நீண்ட ஆணியைச் செலுத்தும் முறையை 1939-இல் ஜெர்மானியர் கூன்ட்ஷர் தொடங்கினார். இன்று புதிய தொடை முறிவுக்கும் கணைக்கால் முறிவுக்கும் பெரும்பாலும் அதுவே செய்கிறார்கள். சில நாட்களில் நடக்கத் தொடங்கலாம். 2011 முதல் உள்ளே காந்தம் வைத்த ஆணியும் வந்துவிட்டது. வெளியே ஒரு கருவியைக் காட்டினால் உள்ளே ஆணி தானே நீளும். வளையமும் இல்லை, தோலைத் துளைக்கும் கம்பியும் இல்லை. விலையைக் கேட்டால் நம் வளவுகளுக்கு எட்டாது.

கோவையில் 1978-இல் சிறிய அளவில் தொடங்கிய கங்கா மருத்துவமனையைப் பற்றி நம் பக்கத்தில் அறியாதார் குறைவு. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவுகளில், காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடுவதா என்பது மருத்துவருக்கே கடினமான கேள்வி. அங்குள்ள டாக்டர் எஸ். ராஜசேகரனும் உடன் பணியாற்றியவர்களும் தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்துக்கும் நோயாளியின் மற்றக் குறைகளுக்கும் மதிப்பெண் இடும் முறையொன்றை 2006-இல் வெளியிட்டார்கள். 14-உம் அதற்குக் கீழும் என்றால் காப்பாற்ற முயல வேண்டும். 17-உம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் கால் போய்விடும். இடையில் உள்ளவை மருத்துவரின் அனுபவத்துக்கு. மதிப்பெண் குறைவாக வாங்குவது நல்லது என்று நாங்கள் படித்த ஒரே தேர்வு இதுதான்!

திருகல் செப்டம்பர் தொடக்கத்தில் முடிந்தது. முடிந்தவுடன் வளையத்தைக் கழற்றுவதில்லை. புது எலும்பு இறுக மாதங்கள் ஆகும். முதல் எக்ஸ்ரேயில் அது மேகம் போல் மங்கலாகத் தெரிந்தது. நவம்பரில் எடுத்ததில் ஓரங்கள் வெள்ளைக் கோடாகத் தெளிந்திருந்தன. அம்மா இப்போது வளையத்தோடு வாக்கர் பிடித்து, தெருக்குழாய் வரை நடக்கிறார். காலை ஊன்றி நடப்பதே எலும்புக்கு மருந்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரு கால்களும் ஒரே நீளம். நாங்களே டேப் வைத்து அளந்தோம். கம்பெனியில் இருந்து ஒருவரும் வரவில்லை. பக்கத்துப் பவர் டேபிள்காரர் மட்டும், வந்தால் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தோழி பொதுத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். கணக்கில்தான் அவளுக்குப் பயம், மாலையில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறோம். அடுத்த எக்ஸ்ரே ஜனவரி 7-ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள். அதைப் பார்த்துத்தான் வளையத்தைக் கழற்றுவதா என்று சொல்வார்களாம்.