பெரிய வெள்ளியும் ஒரு மாற்று விடுமுறையும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் இளம் சகோதரி ஒருவர் ஜெப விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தார். மென்பொருள் நிறுவனமொன்றின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறவர். அடுத்த ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு இம்முறை அவரிடம் வந்திருக்கிறது. "ஐயா, பெரிய வெள்ளியை விருப்ப விடுமுறைக்குத் தள்ளிவிடலாம் என்று மேலிடத்தில் பேசுகிறார்கள். அது பட்டியலை விட்டுப் போகாதபடி ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஜெபித்தேன். ஆனால் வீடு வந்து சேர்ந்த பின்னும் மனம் அமைதியடையவில்லை. ஊழியத்துக்கு வருமுன் பதினோரு ஆண்டுகள் நானும் இதே வேலையைச் செய்தவன். நானும் பெரிய வெள்ளியைப் பட்டியலில் காப்பாற்றியவன்தான். அதை எப்படிக் காப்பாற்றினேன் என்பதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அது ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் புதிய நாள்காட்டி கைக்கு வந்தவுடன், பென்சிலும் கோடிட்ட தாளுமாக உட்காருவேன். தமிழ்நாட்டில் இதற்கென 1958-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் எல்லாத் தொழிலாளருக்கும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அவற்றோடு பண்டிகைகளுக்காக இன்னும் ஐந்து நாட்கள். எந்த ஐந்து என்பதைச் சட்டம் சொல்வதில்லை. நிர்வாகமும் தொழிலாளரும் கலந்து பேசி, ஆய்வாளரின் ஒப்புதலோடு முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஐந்து என்பது கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கும். எழுதத் தொடங்கிப் பாருங்கள். பொங்கல், சித்திரை முதல் நாள், ஆயுத பூஜை, தீபாவளி என்னும் நான்கைப் பற்றி யாரும் விவாதிப்பதேயில்லை. இயந்திரத்துக்குச் சந்தனம் பூசிப் பொரி வழங்காத தொழிற்கூடம் நம் நாட்டில் ஏது? மிஞ்சுவது ஒன்று. அந்த ஒரு கட்டத்துக்குள் கிறிஸ்துமஸ், ரம்ஜான், பக்ரீத், விநாயகர் சதுர்த்தி, பெரிய வெள்ளி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் நிறுவனம் சட்டம் கேட்டதற்கு மேல் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தது. ஆகவே ஐந்தாவது கிறிஸ்துமஸ், ஆறாவது பெரிய வெள்ளி. நான் அந்த நாற்காலிக்கு வந்த இரண்டாம் ஆண்டிலிருந்து இதுவே வழக்கமாயிற்று.

ஏன் அப்படி என்று எவரும் கேட்கவில்லை. ஏறத்தாழ நானூறு பேர் வேலை செய்த இடத்தில் கிறிஸ்தவர்கள் இருபதுக்கும் குறைவு. இஸ்லாமியர் ஆறு பேர். எண்ணிக்கைதான் நியாயம் என்றால் பெரிய வெள்ளிக்கு அங்கே இடமிருந்திருக்காது. அது இடம் பெற்றதன் காரணம், பென்சில் என் கையில் இருந்தது. அவ்வளவே.

ரம்ஜானை ஒதுக்குவதற்கு என்னிடம் ஆயத்தமான விடை ஒன்றும் இருந்தது: பிறை தென்பட்டால்தான் நாள் உறுதியாகும், தலைமை காஜியின் அறிவிப்புக்காக முந்தின இரவு வரை காத்திருக்க வேண்டும், உற்பத்தித் திட்டத்தை அப்படி நிச்சயமில்லாமல் வைக்க முடியாது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மத்திய அரசு தன் அலுவலகங்களுக்கு வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். கட்டாய விடுமுறைகள் பதினான்கில் ரம்ஜானும் பக்ரீத்தும் உண்டு. பெரிய வெள்ளியும், புத்த பூர்ணிமாவும், மகாவீர் ஜெயந்தியும், குருநானக் பிறந்த நாளும் உண்டு. பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்று அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்துபோகிற காரியம் அது. அந்த ஒரு வரியை எழுத எனக்கு மனமில்லை.

இனி 2017-ஆம் ஆண்டின் பட்டியலுக்கு வருகிறேன். அதை நான் தயாரித்தது 2016 நவம்பரில்; பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மாற்ற நாமெல்லாரும் வங்கி வாசலில் வரிசையில் நின்ற மாதம். அவ்வாண்டு பெரிய வெள்ளி ஏப்ரல் 14-இல் வந்தது. சித்திரை முதல் நாளும் அதுவே. இரண்டு கட்டங்கள் ஒன்றாகிவிட்டதால் ஒரு நாள் மீதமாயிற்று. இதை எனக்கு முன்பே கண்டுபிடித்தவர் பராமரிப்புப் பிரிவின் மூத்த ஃபிட்டர். நோன்பு மாதத்தில் தண்ணீரும் அருந்தாமல் உலைக்கருகே நின்று வேலை செய்தவர். அந்தத் தொழிற்சாலையின் முதல் இயந்திரத்தை இறக்கி நிறுத்தியவர்களில் ஒருவர். மதிய உணவு நேரத்தில் என் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கேட்டார்: "சார், அடுத்த வருடம் ஒரு நாள் மிச்சமாகிறதே. அதை எங்கள் பெருநாளுக்கு வைக்க முடியுமா?"

"கமிட்டியில் சொல்லிப் பார்க்கிறேன், பாய்" என்றேன்.

சொல்லவும் செய்தேன். ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னேன். அவ்வாண்டு ஆயுத பூஜை செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. அக்டோபர் முதல் தேதி ஞாயிறு. அதற்கு மறுநாள் காந்தி ஜெயந்தி. இடையில் நிற்கும் சனிக்கிழமையை மட்டும் விஜயதசமியென்று விடுமுறையாக்கிவிட்டால் தொடர்ந்து நான்கு நாட்கள் கிடைக்கும். தென் மாவட்டத்துக்காரர்கள் ஊருக்குப் போய் நிம்மதியாகத் திரும்பலாம். நானும் தென் மாவட்டத்துக்காரன்தான். கமிட்டியில் கைகள் உயர்ந்தன. ரம்ஜானுக்கு ஒரு கையும் உயரவில்லை; உயர்த்த வேண்டியவர்கள் எவரும் அந்தக் கமிட்டியில் இல்லை. முடிவைக் கேட்ட பாய், "சரி சார், பெரும்பான்மை சொன்னால் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 14 அன்று மும்மணி தியான ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். ஏழு வார்த்தைகளில் நான்காவது தியானத்தைக் கொடுத்ததும் நானே. மூன்று மணிக்கு ஆராதனை முடிந்து கைபேசியைத் திறந்தபோது, தொழிற்சாலையில் ஒரு கோப்பு அவசரமாகத் தேவைப்படுவதாகவும் அலமாரிச் சாவி என்னிடம் இருப்பதாகவும் செய்தி வந்திருந்தது. வெள்ளுடையோடு அப்படியே போனேன்.

வாசலைத் திறந்த காவலாளி, "ஸ்தோத்திரம் சார், ஆராதனை முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். அவர் விசுவாசி என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளாகத் தினமும் எனக்குக் கதவு திறந்தவர். ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்பதால், நான் போராடிப் பெற்ற பெரிய வெள்ளி அவருடைய பட்டியலில் இல்லை.

உள்ளே போனால் ஓசையற்ற தொழிற்கூடத்தின் நடுவில் பாய் ஓர் இயந்திரத்தின் அடியில் படுத்திருந்தார். பராமரிப்பு வேலைகள் விடுமுறை நாளில்தான் நடக்கும். மற்ற நாட்களில் இயந்திரத்தை நிறுத்த முடியாதல்லவா? விடுமுறையில் வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாளில் மாற்று விடுமுறை என்பது சட்டம். எல்லாரும் பணத்தையே கேட்பார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மாற்று விடுமுறை வேண்டப்பட்டிருந்தது. நாள், ஜூன் 26. என் பெரிய வெள்ளியில் உழைத்து அவர் தம் பெருநாளைச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படிவத்தில் கையொப்பமிட்டேன். வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை.

அன்பானவர்களே, பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருவதை அறிவீர்கள். ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் சொல்லும் காரணம் ஒன்று, உபாகமம் சொல்லும் காரணம் வேறொன்று என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முன்னதில் தேவன் படைப்பை முடித்து ஓய்ந்திருந்தது காரணம். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்திலோ, எகிப்தில் அடிமையாயிருந்ததை மறவாதே என்பது காரணம். வீட்டில் ஏவல் செய்கிறவர்களும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்பது நோக்கம். மாட்டையும் கழுதையையும் ஊருக்குள் தங்கியிருக்கும் அந்நியனையும் கூட அந்தக் கட்டளை பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. ஓய்வு கிடைக்காதிருந்தவனிடம்தான் ஓய்வைப் பங்கிடும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. இந்தப் பகுதியை நான் சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவந்தேன். இயந்திரத்தின் அடியிலிருந்து நீண்ட இரண்டு கால்களைப் பார்த்த பிறகுதான் அது யாரைக் குறித்து எழுதப்பட்டது என்று விளங்கிற்று.

அந்தச் சகோதரியைப் புதன்கிழமை மறுபடி சந்தித்தேன். அவருடைய சிக்கல் என்னுடையதைவிடப் பெரியது. சென்னை, கொச்சி, புனே, கொல்கத்தா என நான்கு ஊர்களுக்கு ஒரே பட்டியல். கொச்சிக்குத் திருவோணம் இல்லாமல் ஆகாது. கொல்கத்தாவுக்குத் துர்கா பூஜை. புனேக்கு விநாயகர் சதுர்த்தி. தீபாவளியிலும் தகராறு வரலாம்: நாம் நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம், வடக்கில் அமாவாசை மாலையில் விளக்கேற்றுகிறார்கள். 2018-இல் நமக்கு நவம்பர் 6, அவர்களுக்கு நவம்பர் 7. எல்லாருக்கும் பொதுவாகச் சில நாட்கள், ஊருக்கு ஊர் சில நாட்கள், அவரவர் தெரிந்துகொள்ள இரண்டு நாட்கள் என்று பிரிப்பதே உகந்தது என்றேன். விருப்ப விடுமுறை என்பது கீழான தட்டு அன்று, கேட்டவருக்கு மறுக்காமல் கொடுப்பார்களானால். மேலாளரின் தயவுக்காகக் காத்திருக்க வைத்தால் அது விடுமுறையே அன்று.

பிறகு, "உங்கள் அலுவலகத்தில் இந்தப் பட்டியலில் ஒரு நாள்கூடத் தன்னுடையதென்று இல்லாதவர் யார்?" என்று கேட்டேன். அவருக்கு உடனே பதில் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்தார். அலுவலகத்தின் தேநீர் அறையில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு சகோதரர்கள் வேலை செய்கிறார்கள். ராஞ்சிக்கு அருகே லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். கடந்த கிறிஸ்துமஸ் அன்றும் காவலாளிகளுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் குரல் தழுதழுத்தது. ஒப்பந்தத் தொழிலாளரையும் பட்டியலின் வரம்புக்குள் கொண்டுவரும் ஒரு பத்தியைச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். பெரிய வெள்ளி எந்தப் பக்கம் போகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. செவ்வாய்க்கிழமை கூட்டம். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு உபதேசித்துவிட்டு நம் வாசலைப் பாராமல் இருக்கலாமா? நம் ஆலயக் காவலாளி ஆறு ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் அதிகாலையிலும், பெரிய வெள்ளி நடுப்பகலிலும், ஈஸ்டர் விடியற்காலையிலும் நம்முடைய வாகனங்களைக் காத்து நிற்கிறார். அவருக்கென்று எழுதப்பட்ட விடுமுறை ஒன்றும் இல்லை என்பதைப் பதிவேட்டைப் பார்த்தபோது அறிந்தேன். அழைத்துக் கேட்டேன். வெகுநேரம் தயங்கிவிட்டு, பொங்கலுக்கு ஒரு நாளும் ஆடி மாதம் ஊரில் கோயில் கொடைக்கு இரண்டு நாளும் வேண்டும் என்றார். இதைக் கமிட்டியில் வைத்தபோது சில முகங்கள் சுருங்கியதைக் கண்டேன், "கொடைக்கா, ஐயா?" என்று ஒருவர் கேட்கவும் செய்தார். பெரிய வெள்ளிக்கு விடுமுறை கேட்டு நாம் யாருடைய மேசைக்கு முன்னால் போய் நிற்கிறோம் என்று திருப்பிக் கேட்டேன். தீர்மானம் நிறைவேறிற்று. மற்ற ஆறு நாட்களையும் அவர் மனைவியோடு பேசிவிட்டுச் சொல்வதாக இருக்கிறார்.

அந்த நாட்களில் வாசலில் நிற்க ஆட்கள் வேண்டும். ஒருவருக்கு இரண்டு மணி நேரம். பெயர் கொடுக்க விரும்புவோருக்காக ஞாயிறு ஆராதனைக்குப் பின் அலுவலக அறையில் ஒரு நோட்டு வைக்கப்பட்டிருக்கும். முதல் பெயரை நான் எழுதியிருக்கிறேன்.