துண்டில் ஒரு தேவாங்கு

மெஷின் எம்பிராய்டரிக்கு நெட்டில் கிடைக்கும் காட்டு விலங்கு டிசைன்கள் பெரும்பாலும் வெளிநாட்டு நரியும் ரக்கூனும்தான். திண்டுக்கல்லில் இருக்கும் அக்கா பேத்திக்கு நான் துண்டில் போட்டுக் கொடுத்தது தேவாங்கு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கடவூர்க் காட்டுப் பகுதியை 2022-இல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே முதலாவது. மாந்திரீகம், மருந்து என்று மனிதர்கள் பிடித்துக்கொண்டு போன அப்பாவி உயிர் அது. பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு நல்லதுதான் செய்கிறது.

தேவாங்குக்கு அழகே கண்தான். முதலில் கண்ணைச் சுற்றிய பழுப்பு வட்டம், அதன்மேல் கருவிழி, கடைசியாகத் துளியூண்டு வெள்ளை. அந்தப் புள்ளி விழுந்ததும் முகத்துக்கு உயிர் வந்துவிடுகிறது!

டர்க்கி டவலில் போடுகிறவர்கள் மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிமை விரித்துத் தையுங்கள். இல்லையென்றால் டவலின் நூல் சுருள்கள் தையலுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். உடம்பு முழுவதையும் நெருக்கமாக நிரப்பாதீர்கள், துணி விறைத்துப் போகும். பின்பக்க நூல் நுனிகளை ஒட்ட நறுக்குங்கள். பச்சைக் குழந்தையின் தோல் தாங்காது.

அடுத்த வளைகாப்புக்கோ பெயர் சூட்டு விழாவுக்கோ போகும்போது, நம் காட்டு விலங்கு ஒன்றைத் தைத்து எடுத்துப் போங்களேன்.