ஒட்டலாமா... வெட்டலாமா?

நியூயார்க் போறவங்க எல்லார்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கும். சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், சென்ட்ரல் பார்க்... அதுல உங்களுக்காக இன்னும் ஒரு வரி சேத்துக்கோங்க: மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கும் பேஸ்பால் கார்டுகள்!

என்னது, மியூசியத்துல சீட்டா? ஆமாங்க! ட்ரம்ப் கார்டு சேக்கறதுக்காக வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்ட கோஷ்டியா நீங்க? அப்ப இது உங்க ஏரியாதான்.

வழி ரொம்ப ஈஸி. 4, 5, 6 நம்பர் சப்வே ரயில் ஏதாவது ஒண்ணுல ஏறி 86-வது தெரு ஸ்டேஷன்ல இறங்குங்க. மேற்கே மூணு பிளாக் நடந்தா ஃபிஃப்த் அவென்யூ. இடது பக்கம் திரும்பி நாலு தெரு தாண்டினா, அகலமான படிக்கட்டோட பிரம்மாண்டமா நிக்கும் மெட். புதன்கிழமை லீவு. 2023-ல் உயர்த்தின கட்டணப்படி மாணவர்களுக்கு 17 டாலர். அதனால காலேஜ் ஐ.டி. கார்டை மறக்காதீங்க!

உள்ளே எகிப்து மம்மிகளுக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு அமெரிக்கன் விங் பக்கம் நடையைக் கட்டுங்க. அங்க மெஸனைன் தளத்துல கார்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி வைப்பாங்க. அதிக நாள் வெளிச்சம் பட்டா காகிதத்தில் சாயம் வெளுத்துடும், அதான் காரணம். போறதுக்கு முன்னாடி, இப்ப என்ன வெச்சிருக்காங்கன்னு மியூசியத்தின் இணையதளத்துல ஒரு தடவை பாத்துடுங்க.

இத்தனையும் ஒரே மனுஷனோட சேமிப்பு. பேரு ஜெஃபர்சன் பர்டிக். சிரக்யூஸ் நகரத்துல எலெக்ட்ரிகல் சாமான் தயாரிக்கிற கம்பெனித் தொழிலாளி. கல்யாணம் பண்ணிக்கல. மூட்டுவாதம் வேற பாடாப் படுத்திச்சு. ஆனாலும் மனுஷன் சேத்தது 3 லட்சத்துக்கும் மேல! அதுல பேஸ்பால் கார்டு மட்டும் 30,000-க்கும் அதிகம். எல்லாத்தையும் மியூசியத்துக்குக் கொடுத்துட்டு, கடைசி வருஷங்கள்ல அங்கேயே உக்காந்து ஆல்பம் ஆல்பமா ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிஞ்சுது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அந்த மார்ச்சிலேயே காலமாகிட்டார்.

கவனிச்சீங்களா? 'ஒட்டினார்'! இன்னிக்கு ஒரு கலெக்டர்கிட்ட இதைச் சொன்னா நெஞ்சைப் புடிச்சுக்குவார். பின்பக்கம் பசை பட்டா கார்டோட மார்க்கெட் விலை பாதாளத்துக்குப் போயிடும். ஆனா ஒண்ணு... ஒட்டினதாலதான் அந்தக் கார்டுங்க சிதறாம, வரிசை குலையாம இன்னிக்கும் நம்ம கண்ணுக்குக் கிடைக்குது. சேதமும் அதுதான், பாதுகாப்பும் அதுதான்!

பர்டிக் சேமிப்புல ஒரு ஹோனஸ் வாக்னர் கார்டும் உண்டு. பிட்ஸ்பர்க் அணியின் சூப்பர் ஸ்டார். 1909-லிருந்து 1911 வரை சிகரெட் பாக்கெட்டோட வந்த 'டி206' வரிசை. அந்தப் பேரை வெச்சதே பர்டிக்தான். வாக்னர் கார்டு அச்சாகறதை மட்டும் சீக்கிரமே நிறுத்திட்டாங்க. அதனால உலகத்துலயே சில டஜன்தான் மிச்சம்.

அதுல ஒரு கார்டோட கதை இருக்கே, அது க்ரைம் நாவல்! ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி 1991-ல் பார்ட்னரோட சேந்து 4,51,000 டாலருக்கு வாங்கினது. முனை மழுங்காம, பளிச்சுனு, 10-க்கு 8 மார்க் வாங்கின கார்டு. 2007-ல் 28 லட்சம் டாலருக்கு கைமாறிச்சு. 2013-ல் பில் மாஸ்ட்ரோங்கற ஏல வியாபாரி கோர்ட்டுல ஒப்புக்கிட்டார்... கிரெட்ஸ்கி கைக்குப் போறதுக்கு முன்னாடியே ஓரத்தை வெட்டி 'அழகாக்கினது' நான்தான்னு! ஏல மோசடி வழக்குல 2015-ல் அவருக்கு 20 மாசம் சிறைத் தண்டனை.

இப்ப காமெடியைப் பாருங்க. 2021-ல் பாதி கிழிஞ்சு போன ஒரு வாக்னர் கார்டு 4.7 லட்சம் டாலருக்கு மேல விலை போச்சு. கிழிசல் பொய் சொல்லலையே!

அப்ப ரிப்பேரே தப்பா? இல்லவே இல்ல. காகிதப் பாதுகாப்பு நிபுணர்கள் கிழிசலை ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வெச்சு சேப்பாங்க. நாளைக்கே யாராவது வேணாம்னா, ஈரம் காட்டிப் பிரிச்சுடலாம். என்ன பண்ணினோம்னு எழுதியும் வெச்சுடுவாங்க. பழைய ஆல்பத்துல ஒட்டின டி206 கார்டைச் சுத்தமான தண்ணியில ஊறவெச்சுப் பிரிக்கறதைக்கூட நிறைய கலெக்டர்கள் தப்பா எடுத்துக்கறதில்ல. ஆனா ஓரத்தை வெட்டறது, போன சாயத்தைப் பேனாவால் தீட்டறது, மழுங்கின முனையில் புதுக் காகிதம் சேர்க்கறது... இதையெல்லாம் சொல்லாம வித்தா அது 420! புற ஊதா விளக்கு அடிச்சா குட்டு வெளிப்பட்டுடும். ஏன்னா இப்ப வர்ற வெள்ளைக் காகிதத்துல கலக்கிற ரசாயனம் அந்த வெளிச்சத்துல நீலமா ஜொலிக்கும். நூறு வருஷக் காகிதம் ஜொலிக்காது.

உங்க டப்பாவுல நைஞ்சு போன கார்டு கிடக்கா? நாலே விஷயம்:

* செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளாகிக் காகிதத்துல இறங்கிடும்.
* லேமினேஷன் பண்ணா திரும்ப எடுக்கவே முடியாது.
* பி.வி.சி. இல்லாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்துல வைங்க.
* மடங்கியிருந்தா இஸ்திரிப் பெட்டியைத் தூக்காதீங்க. ரெண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவுல வெச்சு, மேல கனமான புக் நாலு. எப்பவும் தொறக்காத அந்த செமஸ்டர் புக் இதுக்காவது உதவட்டுமே!

மெட்ல நிக்கும்போது அந்தக் கார்டுகளோட ஓரத்தையும் கொஞ்சம் பாருங்க. மழுங்கின முனை, மங்கின சாயம், எவனோ ஒரு பையன் பாக்கெட்டுல திணிச்ச மடிப்பு... எதையும் அங்க மறைக்கறதில்ல. கார்டு தன் வயசைத் தானே சொல்லுது. கேட்டுட்டு வாங்க!