துயரும் தொழிலும்

சாவீடு கண்டோர் எந்நாள் தொழிலுக்குத் திரும்புகின்றனர் என்பதை நம்மவர் கூர்ந்து நோக்குவர். அந்தியேட்டி கழிந்த மறுநாளே ஒருவர் கந்தோருக்குச் சென்றுவிடின், நெஞ்சுரம் மிக்கவர் என்பாரும் உளர். கல்மனத்தவர் என்பாரும் உளர். என் மனைவியாரின் முப்பத்தோராம் நாட் கிரியைகள் நிறைவுற்ற மறுநாட் காலையே வகுப்பறையிற் புகுந்தவன் யான். இருவகைப் பேச்சும் செவிக்கு எட்டின, இரண்டும் பொருந்தவில்லை. அந்நாள் தொட்டு என் சிந்தையில் அடிக்கடி எழுபவர் சார்லி சப்ளின். நகைச்சுவைக்கென்றே பிறந்தவர் என உலகங் கருதும் நடிகரைத் துயர்பற்றிய கட்டுரைக்குள் அழைத்து வருதல் சிலருக்கு வியப்பளிக்கலாம்.

1918 ஒக்டோபரில் அவர் மில்ட்றெட் ஹரிஸ் என்னும் இளநடிகையை மணந்தார். 1919 யூலை 7இல் ஆண்மகவு பிறந்தது. நோர்மன் ஸ்பென்சர் எனப் பெயரிட்டனர். யூலை 10இல் அக்குழந்தை இறந்தது. தொழிலிலும் அது அவருக்கு வரட்சிக் காலமே. எடுத்த படங்கள் அவருக்கே நிறைவு தரவில்லை. அவ்வாறிருந்தும், மகன் இறந்து பத்து நாள் அளவில், தம் படப்பிடிப்புக் கூடத்துக்குக் கைக்குழந்தைகளை வரவழைத்து, நடித்தற்கேற்ற குழந்தையைத் தேடத் தொடங்கினார். துயரை மறத்தற்காக வேலையில் மூழ்கினார் என்று இதனைக் கூறுதல் எங்ஙனம்? மறக்க விழைபவன் கைக்குழந்தைகளையா அழைப்பான்?

அவ்வாறு பிறந்ததே ‘த கிட்’ என்னும் பேசாப்படம். தெருவிற் கைவிடப்பட்ட சிசுவை நாடோடி ஒருவன் கண்டெடுத்து, மேன்மாடத்துச் சிற்றறையில் வளர்க்கிறான். சிறுவனாக நடித்தவன் 1914இற் பிறந்த ஜக்கி கூகன். அநாதை விடுதி அலுவலர் அவனைப் பறித்துச் செல்லுங்கால், நாடோடி கூரைகளின் மேல் ஓடி, லொறியிற் குதித்து, மைந்தனை மீட்டு அணைத்துக்கொள்ளுங் காட்சியைக் கண்டவர் மறவார். தாயோடு இலண்டன் லம்பெத் வறியோர் இல்லத்துட் புகுந்து, பின் அத்தாயினின்றும் பிரிக்கப்பட்டபோது சப்ளினுக்கு வயது ஏழு, ஆண்டு 1896. பிள்ளையாய்த் தாயைப் பிரிந்த துயரும், தந்தையாய்ப் பிள்ளையை இழந்த துயரும் அவ்வொரு காட்சியில் ஒன்றுகலந்தன என்றே நான் கொள்கிறேன்.

சிரித்த முகத்தினனாகிய ஜக்கிக்கு அக்காட்சியில் அழுகை வரவில்லையாம். அழாவிடின் உண்மையான வறியோர் இல்லத்துக்கே அனுப்புவோம் என அவன் தந்தையார் மிரட்டவே, தேம்பி அழுதான். அஞ்சாதே எனச் சப்ளின் பின்னர்த் தேற்றியபோது, அப்பா விளையாட்டுக்குச் சொன்னார் என்பது தனக்குத் தெரியும் என்றானாம்! 1964இல் வெளிவந்த தம் சுயசரிதையில் இதனைச் சுவைபட விரித்துரைக்கும் சப்ளின், தம் குழந்தையின் மறைவை மிகச் சுருக்கமாகவே கூறிச் செல்கிறார்.

விடியவிடிய மயான காண்டம் பார்த்து வளர்ந்த நம்மூரார்க்கு இவை புதியனவல்ல. சந்திரமதி சுமந்துவந்த லோகிதாசனும் இறுதியில் உயிர்த்தெழுகிறான். மைந்தர் மீள்வது கூத்துமேடையிலும் திரையிலுந்தான்.

எனினும் இவ்வரலாற்றில் என் மனம் அமைதியுறாத இடம் ஒன்றுண்டு. சப்ளினுக்குக் கூடம் இருந்தது, கருவி இருந்தது, ஏவலைக் கேட்போர் இருந்தனர். பதினேழு வயதில் மகவை இழந்த மில்ட்றெட்டுக்கு அன்று என்ன இருந்தது? குழந்தை இறந்தபோது கணவர் அழுததைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். ஆதலின் கல்மனத்தவர் என்னும் பழி சப்ளினுக்குப் பொருந்தாது. ஆயினும் அவரைத் தாங்கிய தொழில் அவ்விருவரையும் ஒருங்கே தாங்கவில்லை. 1920 நவம்பரில் மணமுறிவு நிகழ்ந்தது. அவ்வழக்கிற் படச்சுருள்கள் பறிபோகலாம் என அஞ்சி, அவற்றைச் சோல்ற் லேக் நகருக்குக் கடத்திச்சென்று, விடுதி அறையொன்றில் இருந்தவாறே படத்தைத் தொகுத்தார். 1921 யனவரியில் அது நியூயோர்க்கில் முதன்முதல் திரையிடப்பட்டது.

ஐம்பது ஆண்டு கழிந்து, 1971இல், எண்பது வயதைக் கடந்த சப்ளின் அப்படத்தை மீண்டும் கையிலெடுத்தார். புதிதாக இசையமைத்தார், சில காட்சிகளை நீக்கினார். நீக்கியவை, குழந்தையைப் பிரிந்த தாய் தோன்றுங் காட்சிகள்.