நடவு மாதம்

எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணமான நாளிலிருந்து சூரியனுக்கு முன்பே எழுந்துவிடுகிறேன். ஆனால் சூரியன் எழுவதை நின்று பார்த்த காலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. பால் காய்ந்து, குக்கர் விசில் அடங்கி, மூன்று டிபன் டப்பாக்களை மூடித் திரும்பும்போது எதிர்வீட்டு மாடிச் சுவரில் வெயில் விழுந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் விடிந்துவிட்டதென்று தெரிந்துகொள்வேன். விடியலைப் பற்றி ஏழு கவிதைகள் எழுதியிருக்கிறேன். "மேடம், தினமும் சன்ரைஸ் பாப்பீங்களா?" என்று ஒரு மாணவி கேட்டபோது, "ஆமாம்மா" என்று பொய் சொன்னேன்.

ஊதிய நிலுவைத் தொகை கைக்கு வந்ததும் ஒரே ஒரு காலையையாவது எனக்கென்று வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன். பிலிப்பைன்ஸின் வடக்கே இஃபுகாவோ மலை. அங்கே பதாத் என்றொரு ஊர். மலைச்சரிவைக் கல்சுவர்களால் அடுக்கடுக்காக வெட்டி, ஒரு பெரிய கிண்ணத்தின் உட்புறம்போல நெல்வயல் செய்திருக்கிறார்கள். 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐந்து வயல் தொகுதிகளில் அதுவும் ஒன்று. அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு சூரிய உதயம் பார்க்க வேண்டும். இதுதான் திட்டம்.

திட்டம் போடுவது எனக்குப் பிடித்த வேலை. மணிலாவிலிருந்து பனாவே ஊருக்கு ராத்திரி பஸ், ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். அது காலையில்தான் போய்ச் சேரும். ஆக முதல் நாள் உதயம் பஸ்ஸோடு போய்விடும். பனாவேயிலிருந்து ஜீப்னியிலோ டிரைசைக்கிளிலோ மலைப்பாதை, அதற்குப் பிறகு நடை. விடிகாலையில் கிளம்பிப் போய்ச் சேர முடியாது. முந்தின இரவே பதாத்தில் யார் வீட்டிலாவது தங்கியாக வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சுற்றிலும் மலை என்பதால் வானம் வெளுத்த பிறகும் வயலுக்குள் வெயில் இறங்க நேரமாகும். நம் ஊர்போல அடிவானத்தில் சிவப்புத் தட்டு எழும்பும் காட்சியெல்லாம் கிடையாது. ஏற்கனவே உதித்த சூரியன் மலையைத் தாண்டி வயலுக்குள் வருவதைத்தான் அங்கே பார்க்க முடியும். என் சமையலறைக்கு வெயில் வருகிற மாதிரிதான், கொஞ்சம் பெரிய அளவில்.

மே மாதம் என்று குறித்துவைத்தேன். கல்லூரி விடுமுறை. பயிர் பச்சையாக நிற்கும், ஜனவரியின் மூட்டம் இருக்காது. பையனுக்கும் பரீட்சை முடிந்திருக்கும். வீட்டில் யாரும் மறுக்கக் காரணம் இல்லாத மாதம். இருபது வருடமாக என் மாதங்களை நான் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

அந்த வாரம் அம்மாவைப் பார்க்க வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். செல்போனில் பதாத் படத்தைக் காட்டி, "எவ்வளவு அழகா இருக்கு பாரும்மா" என்றேன். அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி எங்கேர்ந்து வருது?"

எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்கவில்லை. நல்லவேளையாகப் படித்திருந்தேன். வயலுக்கு மேலே 'முயோங்' என்று காடு விட்டுவைத்திருக்கிறார்கள், குடும்பம் குடும்பமாக அதைப் பராமரிக்கிறார்கள், அந்தக் காடு பிடித்துவைக்கும் தண்ணீர்தான் அடுக்கடுக்காக இறங்குகிறது என்றேன். அம்மா தலையாட்டினார். அடுத்த கேள்வி வந்தது.

"நடவு யாரு நடறா?"

"பொம்பளைங்கதாம்மா. கல்லுக்கட்டு, வரப்பு வேலையெல்லாம் ஆம்பளைங்க. விதை பொறுக்கறது, நடறது, களை எடுக்கறது பொம்பளைங்க."

"குனிஞ்சா?"

"ஆமா."

"நீ போறப்ப நடவு இருக்குமா?"

மே மாதத்தில் இருக்காது. அங்கே மலைநெல்லை வருடத்துக்கு ஒரு போகம்தான் விளைவிக்கிறார்கள். 'தினாவொன்' என்ற அதன் பெயருக்கே வருடத்துக்கு ஒருமுறை என்றுதான் பொருள். நடவு ஜனவரி, பிப்ரவரியில். அறுவடை ஜூன் கடைசி, ஜூலை. "ஆள் இல்லாத வயல்ல போயி என்னத்தப் பாப்ப?" என்று கேட்டுவிட்டு அம்மா செல்போனை என்னிடமே கொடுத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை எழுதாத விஷயம். என் முனைவர் பட்ட ஆய்வு தஞ்சை வட்டார நடவுப் பாட்டுகளைப் பற்றியது. இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய் டேப்பில் பதிவு செய்தேன். வரப்பில் நின்றபடி மைக்கை நீட்டினேன். என் அம்மா முப்பது வருடம் கூலிக்கு நடவு நட்டவர். எங்கள் தெருவில் பாட்டை எடுத்துக் கொடுப்பவரே அவர்தான். நடவுக் கூலியில்தான் என் விடுதிக் கட்டணம் கட்டப்பட்டது. அவர் பாட்டு ஒன்றுகூட என் ஆய்வேட்டில் இல்லை. 'தகவலாளர் பட்டியல்' என்று பின்னிணைப்பு வைப்போம். பெயர், வயது, தொழில் என்று வரிசையாக இருக்கும். அதில் அம்மாவின் பெயருக்கு எதிரே தொழில் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நேர்முகத் தேர்வில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். "வீட்டு ஆளைச் சேர்த்தால் ஆய்வில் சார்பு வந்துவிடும்" என்று எனக்கு நானே முறையியல் பேசிக்கொண்டேன்.

இஃபுகாவோ என்னை இழுத்ததற்கு விடியல் மட்டும் காரணமில்லை என்று இப்போது தெரிகிறது. அந்த மலையில் 'ஹுட்ஹுட்' என்றொரு நெடும்பாட்டு உண்டு. விதைப்பிலும் அறுவடையிலும் சாவு வீட்டு இரவுகளிலும் பாடுவது. ஒரு மூதாட்டி முன்னெடுப்பார், மற்றப் பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். 200க்கும் மேற்பட்ட கதைகள். ஒன்றை முழுதாகப் பாடி முடிக்கவே நாள்கணக்காகும். 2001இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வம் என்று அறிவித்தது. அதே 2001இல் அந்த வயல்களை அழிவு அபாயப் பட்டியலிலும் சேர்த்தது. பிள்ளைகள் நகரத்துக்குப் போக, சுவர்கள் சரியத் தொடங்கியிருந்தன. அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வர 2012 ஆயிற்று. பாட்டுக்குப் பாராட்டும் வயலுக்கு எச்சரிக்கையும் ஒரே வருடத்தில் வந்ததை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் தெருவில் என்ன ஆயிற்று என்பதைச் சொன்னதில்லை. அங்கே நடவு இயந்திரம் வந்துவிட்டது. இடுப்பு தப்பித்தது, கூலி போயிற்று, பாட்டும் போயிற்று. இடுப்பு தப்பித்ததைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆய்வரங்குகளில் பாட்டு போன துக்கத்தை மட்டும் பேசுகிறவர்களுக்கு ஒரு நாள் நடவு நட்டுக் காட்டத் தெரியுமா?

கைப்பிரசுரங்கள் அந்த வயல்களுக்கு 2000 வயது என்கின்றன. தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாதோ செய்த ஆய்வுகள் வேறு சொல்கின்றன. ஸ்பானியர்களுக்கு அடங்க மறுத்து மலையேறியவர்கள் சுமார் 400 வருடங்களுக்கு முன்பு இந்த நன்செய் அடுக்குகளை விரிவாக்கினார்கள் என்பது அவர் வாதம். வயது குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. அடங்க மறுத்தவர்கள் வெட்டிய வயல் என்றால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஊரிலிருந்து திரும்பிய இரவே மே மாதத்தை அடித்துவிட்டு ஜனவரி என்று எழுதினேன். எனக்கு ஜனவரியில் கிடைக்கும் தொடர் விடுமுறை பொங்கல் ஒன்றுதான்.

கணவர் முதலில் சிரித்தார். பிறகு, "பொங்கலுக்கா?" என்றார். மாமியார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு நாத்தனாரிடம் போனில், "இந்த வருஷம் நம்ம வீட்ல யாரு பொங்கப் பானை வெக்கிறதுன்னு தெரியல" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். வருடத்தில் நான் கிழக்குப் பார்த்து நிற்கும் ஒரே காலை அதுதான். அன்றும் கண் முழுக்கப் புகை. பால் பொங்குவதைப் பார்ப்பதா, சூரியனைப் பார்ப்பதா? "நீங்களும் பானை வைக்கலாம், அரிசி அளவு எழுதி வெச்சுட்டுப் போறேன்" என்று கணவரிடம் சொன்னேன். பிறகு அளவு எழுதிவைக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். எல்லா வருடமும் கேட்காமலே தெரிந்துகொண்டவள் நான். அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

ஜனவரியில் அங்கே குளிரும் தூறலும் மூட்டமும். கிண்ணம் முழுக்க வெள்ளையாக நிறைந்து, உதயம் என்ற ஒன்று நடந்ததே தெரியாமல் போகலாம். இவ்வளவு சண்டை போட்டுப் போய் வெறும் பனியைப் பார்த்துவிட்டு வரக்கூடும். அதையும் திட்டத்தில் எழுதியிருக்கிறேன். இருட்டில் விளிம்புக்கு ஏற உள்ளூரில் ஒரு பெண் வழிகாட்டி கிடைப்பாளா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதிலும் இருட்டில் முன்பின் தெரியாத ஆணின் பின்னால் நடக்கப் பயமாக இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பனாவே காட்சிமுனையில் மரபு உடை அணிந்த முதியவர்கள் சில்லறைக்குப் படம் எடுத்துக்கொள்ள நிற்பார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாரிடமும் போய் ஹுட்ஹுட் பாடிக் காட்டச் சொல்லப் போவதில்லை. மைக் நீட்டியது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். இருபது வருடம் தாமதமாக, செல்போனைப் பாயில் வைத்துவிட்டு, "நீ எடுத்துக் குடுப்பியே, அந்தப் பாட்டு ஒண்ணு பாடும்மா" என்றேன். ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை என்று அம்மா கேட்பார் என நினைத்திருந்தேன். கேட்கவில்லை. தொண்டையைச் செருமினார். இரண்டு மூன்று முறை முனகிப் பார்த்தார். பிறகு கையை விரித்தார்.

"உக்காந்துகிட்டு வரமாட்டேங்குதுடி. குனிஞ்சு நட்டாத்தான் வரும்."

எழுந்து பார்க்கலாமா என்று முழங்காலில் கையை ஊன்றினார். நான்தான் வேண்டாமென்று தடுத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அங்க போனா ஒண்ணு பாத்துட்டு வா. அவளுவ நாத்து முடிய எதால கட்றாளுவன்னு" என்றார்.

பயண நோட்டில் டார்ச், மழைக்கோட்டு, முழங்கால் பட்டை என்ற வரிசைக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டேன்.